பதினான்காம் வரிசை

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு ஒன்றரைக் கல் மேற்கே
தீவனச் சோளம் நிற்கிறது.
பூத்த கையோடு அறுத்திருக்க வேண்டும்.
இந்தப் பாத்தியை மட்டும் சாகும்வரை பார்ப்பதற்காக
விட்டுவைத்திருக்கிறோம்.
இன்று தொண்ணூற்றாறாம் நாள்.
கணவாய்க் காற்றில் அடியிலைகள்
பழைய ரசீதுகள்போலச் சலசலக்கின்றன,
ஒரு வரிசை தவிர.

இலையைக் கருவியின் வாயில் கொடுத்து
அது காட்டும் எண்ணை எழுதுவது என் வேலை.
பதிமூன்றாம் வரிசை, கீழிருந்து நான்காம் இலை: ஒன்பது.
பதினைந்து: பதினொன்று.
பதினான்கு: நாற்பத்து நாலு.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
நாற்பத்து நாலு.
மடை அடைக்கப் போன மாசாணன் திரும்பி வந்தார்:
"இதுக்கு மட்டும் யாரு ராத்திரியில தண்ணி கட்டுனது?"

யாரும் கட்டவில்லை.
லிஜி மேடம் மலையாளத்தில் பாதியும் கையசைப்பில் மீதியுமாகச் சொன்னதை
நான் இப்படி எழுதிக்கொண்டேன்:
இலை சும்மா வாடுவதில்லை.
கதிர் பால் பிடிக்கும்போது
உள்ளே ஒரு மரபணு விழித்து மற்றவற்றை எழுப்பும்.
பச்சையத்தைப் பிரி.
புரதத்தை உடை.
உடைத்ததைக் கதிருக்கு ஏற்று.
நரம்பைக் கடைசிவரை விட்டுவை,
வீடு காலி செய்கிறவர்கள்
வாசல் விளக்கை விட்டுவைப்பதுபோல.
பதினான்கில் அந்த முதல் வரியே
தப்பாக அச்சாகியிருக்கிறது.

அன்று எல்லோருக்கும் பருப்புவடை, மேடம் கணக்கில்.

மறுநாள் உச்சி வெயிலில் இலை பறித்தோம்.
சாராயத்தில் வேகவைத்து, வெளுத்ததும்
அயோடின் சொட்டு விட்டோம்.
பதிமூன்றின் கொடியிலை, மேலே பாதி மஞ்சளான இலை,
மைக்கூடு கவிழ்ந்ததுபோல் கறுத்தது.
பதினான்கின் அடியிலை
சொட்டின் நிறத்திலேயே கிடந்தது.
மாவு இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.
பலகை விளக்கு எரிகிறது,
கடைக்குள் ஆள் இல்லை.

மேடம் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.
மாதம் ஒரு ஞாயிறு
கண்ணாடி முன்னால் பிரஷ்ஷும் சாயமுமாக நிற்கிறவள் நான்.
என்னிடம் கேட்டிருந்தால்
அயோடின் செலவு மிச்சம்.

சாயங்காலம் ஹாஜிரா வந்தாள்,
கழித்துப்போட்ட தட்டையை வாங்கிப்போக.
பதினான்கில் இருந்தும் ஒரு கட்டு கொடுத்தோம்.
மாடு எதை முதலில் இழுத்தது என்று கேட்காதீர்கள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஆனால் மண்ணுத்தியிலிருந்து தாள் வந்தது:
பதினான்கின் அடியிலையில் புரதம்
மற்ற வரிசைகளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.
மேலே அனுப்பவில்லை, அதனால் இருக்கிறது.
செடிக்குச் சமைக்காத இலை
ஹாஜிராவின் சிந்துப் பசுவுக்குச் சோறு.
மேடம் மறுபடி வடை சொன்னார். இந்த முறை
யோசித்துக்கொண்டே தின்றார்.

எல்லைச் சாவடியில் பால் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன.
ஒவ்வொன்றிலும் குழாய் விட்டு எடுத்து
கொழுப்பு எத்தனை, தண்ணீர் எத்தனை என்று பார்க்கிறார்கள்.
எந்த இலை கொடுத்தது, எந்த இலை கொடுக்காமல் வைத்துக்கொண்டது
என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது.

நூற்றுப் பதினெட்டாம் நாள்
கதிர்களின் காகிதப் பையைக் கழற்றினேன்.
பதிமூன்றின் அடியிலை தொட்டதும் பொடிந்தது,
எடையே இல்லை. உள்ளே இருந்ததெல்லாம்
கதிரில் மணியாகி என் உள்ளங்கையை அழுத்தியது.
பதினான்கு இன்னும் பச்சையாக,
தலையில் கொஞ்சம் சூம்பிய கதிரோடு.

மார்ச்சோடு திட்டம் முடிகிறது.
பதினோராவது முறையாக
நீட்டிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.
அது வந்தாலும் வராவிட்டாலும்
இந்த மணிகள் ஆனியில் முளைக்கும்.

உறையில் வரிசை எண் எழுதினேன், தேதி எழுதினேன்.
ஆயிரம் மணி நிறுத்தேன்.
மூன்று கிராம் குறைவு.
திருத்தாமல் எழுதி
உமிழ்நீர் தொட்டு ஒட்டினேன்.